கழுத்தைப் பார்க்கிற அண்ணன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார். தப்பான பார்வை என்று சொல்ல முடியாது. உரைகல்லில் நகையைத் தேய்த்துவிட்டு அந்தக் கோட்டைக் கூர்ந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "தங்கச்சி, கழுத்துல அந்தக் கறுப்பு எத்தனை வருஷமா இருக்கு?" என்றார். காஷியர் கதிரையில் நான் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. சுற்றிலும் கடை ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் நான் அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த நகைக்கடை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. குண்டசாலையில் இருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குவேன். கழுத்துக் கறுப்பு எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே வந்துவிட்டது. போட்டிருந்த கவரிங் சங்கிலிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். எலுமிச்சம்பழம், கடலைமா, பீர்க்கங்காய் நார் என்று தேய்க்காத பொருள் இல்லை. தோல் எரிந்ததுதான் மிச்சம். கல்யாணத்துக்குத் தங்கத் தாலிக்கொடி ஏறியது, கவரிங் கழன்றது, கறுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய கவரிங் தோலுக்குள் ஊறிப்போயிருக்கும் என்று மாமியார் விளக்கம் சொன்னார். நானும் நம்பினேன். அதனால்தான் தலைமயிரைப் பின்னாமல் தழைய விட்டுக்கொண்டு, பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். அதையும் தாண்டிப் பார்த்துவிட்டார் மனுஷன்.

கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். ஐம்பத்து நாலு வயது. குச்சி குச்சியாகக் கை கால், நடுவில் மட்டும் சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கிற வயிறு. சங்கிலிப் பகுதி இருபத்தாறு வருஷமாக அவர் கையில். உள்ளங்கையில் சங்கிலியை வாங்கியதும் எத்தனை பவுண் என்று சொல்லிவிடுவார், தராசு பிறகு வந்து ஆமாம் போடும். கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைக் கேட்டு வருவார்கள். முதலாளிக்கு அந்த வகையில் அவர்மேல் மரியாதைதான்.

ஆனால் அண்ணனுக்கு ஒன்றைக் கண்டால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொள்ள அவரால் முடியாது. நகைக்கடையில் சங்கிலிப் பகுதியில் நிற்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை கழுத்தைப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை கழுத்திலும் கறுப்பு எங்கே தெரிந்தாலும் அவருக்கு நாக்கு நமநமக்கும்.

கஷ்டம் என்னவென்றால் எங்கள் கடையின் வியாபாரமே அந்தக் கறுப்பை வைத்துத்தான் ஓடியது. வாசலில் முதலாளியே யோசித்து எழுதிய போர்டு ஒன்று தொங்கியது: கவரிங்கால் கழுத்து கறுக்கிறதா, தங்கத்துக்கு மாறுங்கள். சிங்களத்திலும் தமிழிலும். அதைப் படித்துவிட்டு, சேர்த்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் உள்ளே வருவார்கள். அண்ணன் கண்ணாடியை அவர்கள் முன்னால் திருப்பி வைத்து, இது சங்கிலிக் கறுப்பு இல்லீங்க என்று ஆரம்பிப்பார். சங்கிலி ஒத்துக்கொள்ளாவிட்டால் அது பட்ட இடத்தில் கோடாக விழும், அரிக்கும், கழற்றினால் ஆறிவிடும். இது மடிப்பில் இருக்கிறது, பின்கழுத்தில் இருக்கிறது, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கிறது. இரத்தத்தைப் போய்ப் பாருங்கள், நகை எங்கேயும் ஓடிப்போகாது என்பார்.

இதற்கு மேல் அவருக்குக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அக்குளிலும் இதே கறுப்பு இருக்கிறதா என்ற கேள்வி. அதை ஒரு ஆம்பிளை, முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிக் கேட்பது? அதனால் அந்தப் பெண்களை என் மேசைக்கு அனுப்பிவிடுவார். காஷியர் தங்கச்சி ஒரு கேள்வி கேக்கும், பதில் சொல்லிட்டுப் போங்க என்று. முதல்முறை ஒரு டீச்சர் அம்மா என் முன்னால் வந்து கேள்விக்காகக் காத்து நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டிப் பார்த்தால் அண்ணன் அங்கே தன் அக்குளைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் கேட்டேன். அந்த அம்மா வெட்கப்பட்டு, ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கும்பிடாத குறையாகக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியுமென்றால், எனக்கும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் போய் சோதனைக்கு இரத்தம் குடுத்தேன். சீனி சரியாக இருந்தது. தாளைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத ரோஷம் அதில் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் படித்தார்.

"சீனி நல்லா இருக்கு. சந்தோஷம் தங்கச்சி. ஆனா அந்தச் சீனிய இந்த அளவுல வச்சிருக்க உங்க உடம்பு எவ்வளவு இன்சுலின இறைக்குதுன்னு பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை. அடுத்த வாரம் டொக்டரிடம் போய் அதையும் பார்த்தேன். எக்கச்சக்கம். அந்த டொக்டர், இதை யார் உங்களுக்குப் பார்க்கச் சொன்னது என்று கேட்டார். நகைக்கடையில் சொன்னார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நகைக்கடைக்காரருக்கு இதெல்லாம் எங்கே இருந்து வந்தது? அதுவும் நகைக்கடையில் இருந்துதான். கண்டியில் டொக்டர்மாருக்குக் குறைவில்லை. பெரியாஸ்பத்திரி இருக்கிறது, பேராதனைப் பக்கம் மருத்துவம் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோர் வீட்டிலும் கல்யாணம் காட்சி உண்டு. நிறுத்து, பில் போட்டு, பெட்டியில் வைத்து முடித்த பிறகு அண்ணன் அந்தப் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொள்வார். "டொக்டர், ஒரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு." பதில் வந்தால்தான் பெட்டி கைமாறும். ஒரு டொக்டருக்கு ஒரு கேள்வி, அதற்கு மேல் கேட்கமாட்டார். அது அவருடைய நேர்மை. பதிலைச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். சில டொக்டர்மார் அவரைக் கண்டதும் வளையல் பகுதிக்கு நழுவிப் போனதும் உண்டு.

தோடு வாங்க வந்த ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மாதான் அவர் தலையைத் திருப்பிப் போட்டவர். அரை மணித்தியாலம் உட்கார்ந்து படம் போட்டே விளக்கினார். "கொழுப்பு எண்டால் சும்மா மூட்டை கட்டி வைக்கிற சாமான் எண்டு நினையாதேங்கோ. அதுவும் ஒரு சுரப்பி மாதிரித்தான். நாள் முழுக்க உடம்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்." அண்ணன் மூன்று நாள் அந்த வாக்கியத்தோடேயே திரிந்தார். வாசலில் நிற்கிற காவல்கார ஐயாவிடம் சொன்னார், பிளேன்டீ கொண்டுவருகிறவரிடம் சொன்னார், ஒரு வாடிக்கையாளரின் கைக்குழந்தையிடம்கூடச் சொன்னார்.

அடுத்து வந்த டொக்டரிடம், அப்படி என்ன செய்தி அனுப்புகிறது என்று கேட்டார். அவர் சொன்ன ஹோர்மோன் பெயர்கள் அண்ணன் வாயில் நுழையவில்லை. அதனால் கடை ஆட்களை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டார். லெப்டின் என்பது காவல்கார ஐயா. போதும், உள்ளே இடமில்லை, சாப்பிட்டது போதும் என்று கத்துவது அதன் வேலை. கொழுப்பு கூடக்கூட அதன் கத்தலும் கூடும், ஒரே கத்தலாகக் கேட்டுக் கேட்டு மூளை அதைக் காதில் வாங்குவதை விட்டுவிடும். அடிப்போநெக்டின் என்பது பொலிஷ் பகுதியில் இருந்த பிள்ளை, எல்லோருக்கும் ஓடி ஓடிக் கைகொடுக்கிறவள். "இவதான் இன்சுலினுக்குக் கூடமாட நிக்கிறது. வேடிக்கை என்னன்னா, கொழுப்புக் கூட்டம் கூடக்கூட இவ லீவு போட ஆரம்பிச்சிடுறா" என்பார். அன்றிலிருந்து கடையில் அந்தப் பிள்ளைக்கு அடிப்போ என்றே பெயர். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. காவல்கார ஐயாதான் லெப்டின் என்று கூப்பிட்டால் முறைப்பார்.

எனக்கு முழுசாக விளங்கியது தலதா மாளிகையின் பகல் பெரஹரா ஊர்வலம் போன அன்று. வீதியில் சனம் நெருக்கியது, கடைக்குள் வியாபாரம் இல்லை. மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. என் மேசையில் இருந்த போன் விளக்கு மின்னிக்கொண்டே இருந்ததை அண்ணன்தான் காட்டினார். யாரோ அடிக்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. மேளம் கொஞ்சம் தூரம் போனதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இதேதான் தங்கச்சி உள்ளுக்குள்ளயும் நடக்குது. வயித்துக் கொழுப்பு அளவுக்கு மீறி ரொம்பினா அதுக்கே மூச்சு முட்டுது, சிலது செத்தும் போகுது. அதத் துப்புரவு பண்ண உடம்போட காவல்படை வருது. வந்தவங்க கெட்டவங்க இல்ல. ஆனா வந்தவங்க போகமாட்டேங்கிறாங்க. அங்கயே நின்னு மேளம் அடிக்கிறாங்க. அதத்தான் டொக்டர்மார் அழற்சிங்கிறாங்க. இந்தச் சத்தத்துல இன்சுலின் வந்து சீனிய உள்ள எடுன்னு கூப்பிட்டா சதைக்கும் கேக்கல, ஈரலுக்கும் கேக்கல. கேக்கலன்னதும் உடம்பு என்ன செய்யுது? இன்னும் நாலு இன்சுலின அனுப்புது. அவ்வளவும் இரத்தத்துல சுத்தி, கடைசியில தோலப் போய்த் தட்டுது. தோல் தடிச்சிக் கறுக்குது. பழி கவரிங் மேல."

பதினைந்து வருஷமாக நான் எலுமிச்சம்பழத்தால் தேய்த்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. சிரித்துவிட்டேன். சிரித்ததும் கண்ணீர் வந்தது, அதுவும் உண்மை.

தன் வயிற்றை அவர் கவனித்தது அக்குறணைப் பக்கத்து டொக்டர் ஒருவர் மனைவிக்குச் சங்கிலி வாங்க வந்த நாளில். தொடையில் இருக்கிற கொழுப்பு அவ்வளவு மோசமில்லை, வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கிறதுதான் கூடச் சத்தம் போடுகிறது, ஆள் மெலிவாக இருந்தாலும் அது இருக்கலாம் என்று அவர் சொன்னார். அண்ணன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஒரு நூலால் வயிற்றை அளந்து, முடிச்சுப் போட்டு, மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். மாதா மாதம் அளப்பார். வயிறு குறைந்து முடிச்சு உள்ளே தள்ளினால் அன்றைக்குக் கடைக்கே பிளேன்டீ அவர் செலவு, சீனி இல்லாமல். வெளியே தள்ளினால் அந்த மாதம் நூலைப் பற்றிப் பேச்சே இருக்காது. நாலு மணிக்குச் சீனி தூவிய கிம்புலா பணிஸ் மணம் வந்தால் மட்டும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். காலையில் கடை திறக்க முன் குளத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். நானும் இரண்டு பஸ் தரிப்பு முன்னால் இறங்கி நடக்கத் தொடங்கினேன். பல்லேகலவில் ஃபாக்டரி வேலை பார்த்த என் வீட்டுக்காரரும் சேர்ந்தார். ஒன்றரை வருஷத்தில் என் கழுத்துக் கறுப்பு பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

இவ்வளவு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எங்க அக்காவுக்கும் இப்பிடித்தான் கழுத்து இருந்துச்சு. நான்தான் கவரிங்காலன்னு சொல்லி, நாலு வருஷம் சீட்டுக் கட்டி ஒரு தங்கச் சங்கிலி போட்டுவிட்டேன். அதோட எல்லாரும் மறந்துட்டோம். இப்ப சீனி ஏறிக் கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு. பக்கத்துல போய் நின்னு குரல் குடுத்தாத்தான் என்னைத் தெரியும். அப்பவே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு எல்லோர் வீட்டுக்கும் துணி எடுத்துத் தருகிறவர். ஆனால் வாசலில் போர்டு ஒன்று சொல்ல, உள்ளே ஆள் வேறொன்று சொன்னால் எந்த முதலாளிக்குத்தான் பொறுக்கும்? நீ நகை விக்கிறியா, ஆஸ்பத்திரி நடத்துறியா என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை, பெரிய இடத்துப் பெண் ஒருத்தர் முகம் சிவந்து ஒன்றும் வாங்காமல் போனதும், அண்ணனை அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"இன்னொரு தடவை யார் கழுத்தைப் பத்தியாச்சும் வாயத் தொறந்தா, அன்னையோட உன் வேலை சரி. இருபத்தாறு வருஷம்னு பார்க்கமாட்டேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். டவுனில் நகைக்கடைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு கடையில் வெளியே போகச் சொன்ன ஆளை இன்னொரு கடையில் சேர்க்கமாட்டார்கள். அண்ணனுடைய மகன் அப்போது கம்பஸில் கடைசி வருஷம். வீட்டில் வேறு வருமானம் இல்லை. கல்லாவுக்கு மேலே இருந்த லட்சுமி படத்தைத் தொட்டு, இனிமேல் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

செய்ததைக் காப்பாற்றவும் செய்தார். அந்த நாலு மாதம் கடையே துக்க வீடு மாதிரி இருந்தது. கறுத்த கழுத்தோடு யாராவது வந்தால் சங்கிலியை எடுத்துப் போடுவார், பில்லுக்கு அனுப்புவார், பிறகு பின்னால் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வருவார். டொக்டர்மாரிடம் கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டார். வியாபாரம் ஏறியது. முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தை மாதக் கல்யாணத்துக்கு நகை எடுக்க, பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த குடும்பம் ஒன்று வந்தது. கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, இரண்டு அத்தைமார். அந்த வருஷத்திலேயே பெரிய வியாபாரம் என்று முதலாளியே பக்கத்தில் வந்து நின்று சோடா உடைக்கச் சொன்னார். பெண்ணுக்கு இருபத்து நாலு வயது, ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். அம்மா கேட்டது அகலமான அட்டியல். கழுத்தோடு ஒட்டிக் கிடந்து முன்னும் பின்னும் மறைக்கவேண்டும். அகலம் எதற்கு என்பது பெண்ணின் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு அத்தை பார்லரில் பிளீச் பண்ணலாம் என்றார். மற்ற அத்தை, எல்லாம் கவரிங் போட்ட வினை என்றார். அதேதான்மா, வெளியில போர்டுலயே போட்டிருக்கோம் என்றார் முதலாளி.

அந்தப் பிள்ளை யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்து, "தங்கம் போட்டா இது போயிருமா அண்ணே?" என்று கேட்டாள்.

அண்ணன் கையில் அட்டியல் இருந்தது. வாயைத் திறந்தார். பக்கத்தில் முதலாளி நிற்பதைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்த்திருந்தது. கடைசியில், "முதலாளிகிட்டக் கேளுங்கம்மா" என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. உலகத்துக்கே சொல்லித் திரிந்த மனுஷன், கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றார்.

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். "தங்கம் போட்டாலும் போகாதும்மா. எனக்கும் இருந்துச்சு. இது சங்கிலிக் கறுப்பு இல்ல. இரத்தம் பாருங்க, சீனியோட சேர்த்து இன்சுலினையும் பாருங்க." ஆரம்பித்தபிறகு பாதியில் நிறுத்த முடியுமா? அக்குள் கேள்வியையும் கேட்டேன். முதலாளிக்கு முன்னால், இரண்டு அத்தைமாருக்கு முன்னால், முழுக் குரலில். முதலாளி கையில் சோடாப் போத்தலோடு அப்படியே நின்றார்.

பிள்ளை ஆமாம் என்று தலையாட்டினாள். அம்மாவுக்குத்தான் கோபம் பொங்கிவிட்டது. கல்யாணப் பொண்ணுக்கிட்ட நோய்ப் பேச்சுப் பேசுறீங்களே, மாப்பிள்ளை வீட்டுக் காதுல விழுந்தா என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சோடாக்கள் குடிக்காமலே இருந்தன.

முதலாளி என் பக்கம் திரும்புவதற்குள் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். இது நான் சொல்லிக் குடுத்த பேச்சு, போறதுன்னா நான் போறேன் என்றார். வாயைத் திறந்தது நான், போகவேண்டியது நான் என்றேன் நான். யார் வேலையை விட்டுப் போவது என்று நாங்கள் இருவரும் சண்டை பிடித்ததில் முதலாளிக்குக் கோபப்படவே இடம் கிடைக்கவில்லை. காவல்கார ஐயா வாசலில் இருந்து, போதும் போதும் என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. அடிப்போ மட்டும் அந்த நேரத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தீர்ப்பு மறுநாள் காலையில் வந்தது. கல்யாண சீசனில் இரண்டு பேரை இழக்க முதலாளிக்கு மனமில்லை. என்னைக் கடைசித் தடவை என்று எச்சரித்துவிட்டார். அண்ணனைக் கடையின் பின்மூலையில் இருந்த வெள்ளிப் பகுதிக்கு, கொலுசு விற்க அனுப்பினார். "அங்க கழுத்து வராது. காலுதான் வரும். என்னத்தப் பேசுறன்னு பார்க்கிறேன். அங்கேயும் பேசினா நேரா வீட்டுக்குத்தான்."

தங்கத்தைக் கையில் வாங்கி எடை சொன்ன மனுஷன், கட்டையான ஸ்டூலில் குந்திக்கொண்டு கால்களுக்குக் கொலுசு மாட்டிக் காட்டினார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று போய் நான்தான் அவரைத் தரைக்கு இறக்கிவிட்டேன். குண்டசாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஆனால் அண்ணன் இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டார். வேலை இருக்குதானே தங்கச்சி என்றார் முதலில். பிறகு ஒருநாள் பிளேன்டீயோடு என் மேசைக்கு வந்து, குரலை இறக்கி, காலுல எவ்வளவு விஷயம் இருக்குன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு, சீனி கூடுனவங்களுக்குக் காலுல புண்ணு வந்தாலும் வலி தெரியாதாம் என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பொங்கல் முடிந்த வாரம் அந்த அம்மாவும் பிள்ளையும் திரும்ப வந்தார்கள். அத்தைமார் இல்லை. அம்மா நேரே என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன், திட்டு வாங்கத் தயாராக. இரத்தம் பார்த்தோம் என்றார் அவர். இன்சுலின் ஏறிப்போய் இருந்ததாம், சீனியும் நோயின் வாசற்படிக்கு வந்திருந்ததாம். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை தினமும் நடக்கிறாள், குளிசையும் எடுக்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்கக் கூடாது என்று பிள்ளையே போய்ச் சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையின் அம்மா தன் கழுத்தைத் திருப்பிக் காட்டி, எனக்கும்தான் மகளே என்றாராம். இப்போது மாமியாரும் மருமகளும் போனில் பேசிப் பேசி நடக்கிறார்கள் என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார். எனக்கு மேசையைச் சுற்றி வந்து அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அட்டியலையும் எடுத்தார்கள். மறைக்க இல்ல, அழகுக்கு என்றாள் பிள்ளை. முதலாளி வாயெல்லாம் பல்லாக, பிள்ளைக்குக் கொலுசும் பார்க்கலாமே என்று தானே முன்னால் நடந்து பின்மூலைக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். அண்ணன் ஸ்டூலில் இருந்து எழுந்து கும்பிட்டார். பிள்ளைக்கு ஒரு சோடி பிடித்துப்போனது. எனக்கும் மெல்லிசா ஒண்ணு காட்டுங்க என்று அம்மா கதிரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலைச் சின்ன மெத்தையில் வைத்தார்.

அண்ணன் கொலுசைக் கொண்டுபோனவர் பாதி வழியில் கையை நிறுத்தினார். பெருவிரலுக்குப் பக்கத்தில், செருப்பு வார் உராய்ந்த இடத்தில், ஐம்பது சதக் காசளவுக்குப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. அவர் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி முதலாளியைப் பார்த்தார். பேசினால் வீட்டுக்கு என்பது முதலாளிக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் ஞாபகம் இருந்தது. முதலாளி கூரையைப் பார்த்தார், அந்தப் பிள்ளையைப் பார்த்தார், பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

"சொல்லித் தொலைப்பா" என்றார்.

அண்ணன் கொலுசைக் கீழே வைத்தார். "அம்மா, இந்தப் புண்ணு வலிக்குதுங்களா?"

"எந்தப் புண்ணு?" என்று கேட்டார் அந்த அம்மா.

எல்லோரிலும் முதலில் குனிந்து பார்த்தது முதலாளிதான்.